வேரைக் காக்கும் நுண்ணுயிர்

மண்ணை உயிரற்ற பொருளென எண்ணுவோர் பலர். ஆனால் வேரைச் சூழ்ந்து ஒட்டியிருக்கும் மெல்லிய மண்படலத்தில், எட்டவுள்ள மண்ணைக் காட்டிலும் பன்மடங்கு பற்றீரியாக்கள் வாழ்கின்றன. வேர் கசியவிடும் சர்க்கரையும் அமிலங்களும் அவற்றுக்கு உணவாகின்றன. ஜேர்மானிய அறிஞர் ஹில்ட்னர் 1904ஆம் ஆண்டில் இப்பகுதிக்கு வேர்மண்டலம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். அங்கே மரத்தின் நண்பரும் உண்டு, பகைவரும் உண்டு. ஒரே குலத்தில் பிறந்த நண்பனைக்கொண்டு பகைவனை வென்ற வரலாறொன்று அவுஸ்திரேலியப் பழத்தோட்டங்களில் நிகழ்ந்தது.

பீச், பாதாம் முதலிய மரங்களின் கன்றுகளை நாற்றுமேடையிலிருந்து கிண்டி எடுக்கும்போது, அடித்தண்டிலும் வேரிலும் கரடுமுரடான கழலைகள் காணப்படுவதுண்டு. அத்தகைய கன்றுகளை வாங்குவாரில்லை. நாற்றுக்காரர் பாடுபட்டு வளர்த்தவை குப்பைக்குப் போகும். இதற்குக் காரணம் அக்ரோபற்றீரியம் என்னும் மண்வாழ் நுண்ணுயிரே என்பது 1907இல் அமெரிக்காவில் நிறுவப்பட்டது. காயத்தின் வழியே பற்றிக்கொள்ளும் அது, தன் மரபுப்பொருளின் ஒரு துண்டை மரத்தின் கலத்துள் செலுத்திவிடுகிறது. அக்கலம் கட்டுமீறிப் பெருகுவதோடு, பற்றீரியத்துக்கு வேண்டிய தனி உணவையும் ஆக்கிக் கொடுக்கிறது. வீட்டுக்காரனையே சமையற்காரனாக்கும் விருந்தாளி!

அடிலெயிட் பல்கலைக்கழகத்தின் அலன் கெர் இந்நோயை ஆராய்ந்தார். மலைநாட்டுக்கு அவர் அந்நியரல்லர். 1960களில் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, கொழுந்தைக் கெடுக்கும் கொப்புள நோயை ஆராய்ந்தவர் அவர். நோயுற்ற மரத்தடியில் தீய இனமும், நலமான மரத்தடியில் அதன் தீங்கற்ற உறவினமும் மிகுந்திருப்பதை அவர் கண்டார். அவ்வுறவினத்தைச் சேர்ந்த கே 84 என்பதை நீரிற் கலந்து, விதைகளையும் வேர்களையும் அதில் தோய்த்து நட்டபோது கழலை பெரிதும் அற்றுப்போயிற்று. 1973 முதல் தோட்டக்காரர் இம்முறையைக் கைக்கொண்டனர்.

கே 84 ஒரு நஞ்சைச் சுரக்கிறது. கழலையிலிருந்து பகைவன் பெறும் உணவின் சாயல் அந்நஞ்சில் உண்டு. உணவென மயங்கி அதனை உள்வாங்கும் பற்றீரியம் மடிகிறது. அவ்வுணவை உள்வாங்கும் வாயில் இல்லாத ஏனைய உயிர்களுக்குக் கேடில்லை. எனினும் ஓர் அச்சம் எழுந்தது. நஞ்சை ஆக்குதற்கும் தாங்குதற்கும் உரிய மரபுப்பொருள் பகைவனுக்கே கைமாறினால் காவல் பயனற்றுவிடுமன்றோ? ஆதலின் அடிலெயிட்டில், கைமாற்றத்துக்கு உதவும் பகுதியை மட்டும் நீக்கி, கே 1026 என்னும் இனத்தை ஆக்கினர். 1980களின் இறுதியில் அது அவுஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது.

இது நோய் தீர்க்கும் மருந்தன்று. பகைவன் தன் மரபுத்துண்டைக் கலத்துள் செலுத்திவிட்ட பின்னர் அவனைக் கொன்றும் பயனில்லை. கழலை தானே வளரும். திராட்சைக் கொடியைத் தாக்கும் இனத்திடமும் இது செல்லாது. கன்றைக் கிண்டியெடுத்தவுடன், காயம் புதிதாயிருக்கையில், வேர் உலருமுன் தோய்த்தல் வேண்டும். குளோரீன் கலந்த குழாய்நீர் ஆகாது. அது காவலனையே கொன்றுவிடும்.