கேக் அமுங்குது, பிரெட் கல்லாகுது... வீட்டு பேக்கிங்கில் எங்கே தப்பு நடக்குது?

பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே கேக் செய்யலாம்னு வீடியோ பார்த்து ஆரம்பிக்கிறாங்க. மைதா, முட்டை, சர்க்கரை எல்லாம் அளவு பார்த்துத்தான் போடுறாங்க. ஆனா ஓவனைத் திறந்தால் கேக் நடுவில் பள்ளம். சரி, டிபன் பாக்ஸுக்கு பிரெட்டாவது செய்யலாம்னு இறங்கினால், அது செங்கல் மாதிரி வருகிறது. "நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று கேக் டின்னைப் பரணில் ஏற்றிவிடுபவர்கள் பலர்.

கேக்கும் பிரெட்டும் ஒரே ஓவனில் வெந்தாலும் இரண்டும் உப்பி வரும் விதம் வேறு வேறு. அது புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கேக்கை உப்ப வைப்பது எது?

பேக்கிங் சோடாவும் பேக்கிங் பவுடரும்தான். மளிகைக் கடையில் ஆப்ப சோடா என்று கேட்டு வாங்குவதும் பேக்கிங் சோடாவும் ஒன்றே. இது வேலை செய்ய தயிர், எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்ற ஏதாவது ஒரு புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பும் தூளாகவே கலந்திருக்கும். அதனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அதே அளவில் போடக் கூடாது.

ஒரு கப் மைதாவுக்கு பேக்கிங் பவுடர் என்றால் ஒரு டீஸ்பூன், சோடா என்றால் கால் டீஸ்பூன் போதும். அதிகமானால் கேக் வேகமாக எழும்பி, அதே வேகத்தில் அமுங்கிவிடும். சோடா கூடினால் சோப்பு வாடையும் வரும்.

மாவைக் கலந்து வைத்துவிட்டுத் தாமதமாக வேக வைப்பது, முதல் 20 நிமிடத்துக்குள் ஓவனைத் திறந்து பார்ப்பது, இந்த இரண்டும்கூட பள்ளம் விழக் காரணம். மைக்ரோவேவில் செய்பவர்கள் கன்வெக்‌ஷன் மோடில் 180 டிகிரி வைக்க வேண்டும். சாதாரண மைக்ரோவேவ் மோடில் கேக் சிவக்காது.

ஓவன் இல்லையே, குக்கர் போதுமா?

கேக்குக்குத் தாராளமாகப் போதும். கேஸ்கெட், விசில் இரண்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். உள்ளே தண்ணீர் வேண்டாம். அடியில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, 10 நிமிடம் சூடாக்கிவிட்டு டின்னை வைக்கலாம். சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம் ஆகும். தண்ணீர் இல்லாமல் காய்வதால் குக்கர் பாழாகலாம். எனவே, பழைய குக்கர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குவது நல்லது.

பிரெட் ஏன் கல்லாகிறது?

பிரெட்டை எழுப்புவது ஈஸ்ட். அது உயிருள்ள நுண்ணுயிர். இட்லி மாவு பொங்குவதும் நுண்ணுயிர்களால்தான். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். விரலை விட்டால் இதமான சூடு தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு 10 நிமிடத்தில் நுரை வரவில்லை என்றால் ஈஸ்ட் பழசு. அதை வைத்து மாவு பிசைந்து வீணாக்க வேண்டாம்.

250 கிராம் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, முக்கால் டீஸ்பூன் உப்பு, சுமார் 160 மில்லி தண்ணீர், கொஞ்சம் எண்ணெய். 10 நிமிடம் நன்றாகப் பிசைந்தால்தான் மாவு இழுவையாகி காற்றைப் பிடித்து வைக்கும். பிறகு மூடி வைத்து, இரண்டு மடங்காகும் வரை காத்திருக்க வேண்டும். இங்கே கடிகாரத்தை நம்ப முடியாது. மே மாத வெயிலில் சீக்கிரம் எழும்பும் மாவு, மார்கழிக் குளிரில் இழுத்தடிக்கும். எழும்பியதும் டின்னில் வைத்து மறுபடி உப்பவிட்டு, 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் வேக வைக்கலாம்.

கோதுமை மாவுக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படும். முதல்முறை செய்பவர்கள் பாதி மைதா, பாதி கோதுமை என்று ஆரம்பித்தால் ஏமாற்றம் இருக்காது.

கடை பிரெட்டைவிட வீட்டு பிரெட் நல்லதா?

2016 மே மாதம் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 பிரெட், பன் வகை மாதிரிகளைச் சோதித்தது. அதில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்ததாகச் சொன்னது. புரோமேட் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என வகைப்படுத்தப்பட்ட பொருள். அடுத்த மாதமே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை விதித்தது.

வீட்டில் செய்யும்போது என்னென்ன சேர்க்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. அதற்காக வீட்டுக் கேக் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. சர்க்கரையும் வெண்ணெயும் எங்கே செய்தாலும் அதேதான்.

கடையில் பிரவுன் பிரெட் வாங்குபவர்களும் நிறத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். கேரமல் சேர்த்தாலும் அந்த நிறம் வரும். பாக்கெட்டின் பின்னால் உள்ள பட்டியலில் எடை அதிகமான பொருள்தான் முதலில் இருக்கும். அங்கே மைதா என்றிருந்தால், அது பெரும்பாலும் மைதா பிரெட்தான்.

எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்?

வீட்டு பிரெட்டில் கெடாமல் காக்கும் ரசாயனம் இல்லை. நம்ம ஊர் புழுக்கத்துக்கு வெளியே 2 நாள்தான் கணக்கு. ஃபிரிட்ஜில் வைத்தால் பூஞ்சை தாமதமாகும். ஆனா பிரெட் சீக்கிரமே வறண்டு கெட்டியாகிவிடும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, தேவைப்படும்போது தோசைக்கல்லில் சூடு செய்வது நல்ல வழி.

ஒரு துண்டில் பூஞ்சை தெரிந்தாலும் அந்த பிரெட் முழுவதையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் பிள்ளைக்கு டோஸ்ட் போட்டுக் கொடுக்கக் கூடாது. பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் பரவியிருக்கும்.