குறுக்கீடும் இயக்கி நீக்கமும்
விக்ரோலி வழியே செல்லும் ரயில் பாதையைப் பழுதுபார்ப்போர், முதலில் கைகாட்டியை ‘நில்’ என வைத்து, உள்ளே வந்துவிட்ட வண்டி கடக்கும்வரை பொறுத்து, பின்னரே தண்டவாளத்தைக் கழற்றுவர். கணிப்பொறிக்கும் இம்முறையே ஏற்றது.

சாதனம் குறுக்கீட்டுச் சைகை அனுப்பியதும், இயக்கி நிரலின் கையாளும் பகுதி ஓடத் தொடங்கும். அவ்வேளையில் மற்றொரு செயலி அவ்வியக்கியை நீக்கி, அதன் நினைவிடத்தை விடுவிப்பின், தரவு சிதையும். பொறியே நின்றுபோதலும் கூடும்.

ஆதலின் முதலில் சாதனத்தின் குறுக்கீட்டை அடக்குதல் வேண்டும். அடுத்து, கையாளும் பகுதியின் பதிவை நீக்குக. 1991-இல் தோன்றிய லினக்ஸில் ‘ஃப்ரீ ஐஆர்க்யூ’ என்னும் செயற்கூறு, ஓடிக்கொண்டிருக்கும் பகுதி முடியும்வரை காத்திருக்கும். நினைவிடத்தை விடுவிப்பது இறுதியிலேயே. குறுக்கீட்டுக் கம்பியைப் பல சாதனங்கள் பகிருமிடத்து, அடங்கிய சாதனத்தின் கையாளும் பகுதியும் அழைக்கப்படும். எனவே இவ்வரிசை பிறழலாகாது.