திறந்தவர் கடமை

பூட்டின் உறுதியைத் திறக்க முயன்றே அறிதல் வேண்டும். கணினிக் காப்பினைச் சோதிப்போர் இதற்கெனக் கையாளும் கருவிகளுள் ஒன்று ‘மெட்டாஸ்பிளாய்ட்’. எச். டி. மூர் என்பார் 2003ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார்; 2009இல் ராபிட்7 நிறுவனம் இதனை வாங்கியது.

உரிமையாளரின் எழுத்துவழி இசைவு பெற்ற சோதனையாளர், ஒரு கணினியின் குறைபாட்டின் வழியே உட்புகுங்கால், அவருடைய கணினிக்கும் அதற்கும் இடையே ஓர் இணைப்பு உருவாகின்றது. அதுவே ‘செஷன்’, தமிழில் அமர்வு எனலாம்.

ஒரே வேளையில் பல அமர்வுகள் திறந்திருத்தல் கூடும். ஒவ்வொன்றிற்கும் கருவி ஓர் எண்ணை வழங்குகின்றது. ‘செஷன்ஸ்’ எனும் கட்டளை அவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும். அதனுடன் எண்ணைச் சேர்த்திடின் அவ்வமர்வினுள் செல்லலாம். ‘பேக்ரவுண்ட்’ எனும் கட்டளை அமர்வினைப் பின்னணிக்கு அனுப்பும்.

ஈண்டுதான் விழிப்பு வேண்டும். பின்னணிக்குச் சென்ற அமர்வு கண்ணுக்கு மறைந்ததேயன்றி முடிந்ததன்று. பிறர் கணினியின் கதவு திறந்தே கிடக்கின்றது. ஆங்கிலச் சிற்றெழுத்துக் ‘கே’ எண்ணுடன் சேர்ந்து ஓர் அமர்வினை முடிக்கும். பேரெழுத்துக் ‘கே’ அனைத்தையும் முடிக்கும். பணி நிறைவுற்றதும் பட்டியல் வெறுமையாயிற்றா எனக் காண்டல் இன்றியமையாதது.

திறத்தல் திறமை, மறவாது அடைத்தலே நம்பியவர்க்குச் செய்யும் நேர்மை.