மன்னாரின் முதற் கிறிஸ்தவர்களும் சங்கிலி மன்னனும்

மாணவர்களே, உரோமைப் பேரரசின் வேதகலாபனையைப் படித்திருப்பீர்கள். பேரரசனுக்குப் பலியிட மறுத்தவர்களை அவ்வரசு இராசதுரோகிகளாகவே பார்த்தது. இதையொத்த நிலை 1544இல் மன்னாரிலும் ஏற்பட்டது.

அக்காலத்தில் மன்னார், நல்லூரைத் தலைநகராகக் கொண்ட யாழ்ப்பாண இராச்சியத்துக்கு உட்பட்டிருந்தது. மன்னன் சைவன். எதிர்க்கரையான முத்துக்குளித்துறையில் பரவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவராகியிருந்தனர். அங்கு பணிபுரிந்த பிரான்சிஸ் சவேரியாரை மன்னார் மக்கள் அழைத்தபோது, அவர் தாம் வராது ஒரு குருவை அனுப்பினார். (சவேரியாரே வந்து ஞானஸ்நானம் கொடுத்தார் என எழுதாதீர்கள். பலர் விடும் பிழை இது.) செபங்களைத் தமிழில் மனனம் செய்வித்து, குரு இல்லாத ஊர்களில் உபதேசியாரை அமர்த்துவது சவேரியாரின் வழக்கம். மன்னாரில் சபை வேரூன்றுமுன்பே சங்கிலி படையுடன் வந்தான். 600 முதல் 700 பேர் வரை கொல்லப்பட்டனர் என்பர். தோட்டவெளியில் அவர்கள் இன்றும் வேதசாட்சிகளாக நினைவுகூரப்படுகின்றனர்.

காரணம் கேட்டால் "மதவெறி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். ஞானஸ்நானம் பெற்ற குடிகள் போர்த்துக்கேயரின் பக்கம் சாய்வர் என மன்னன் அஞ்சினான். அந்த அச்சம் வீணானதல்ல. 1560இல் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கி, மன்னாரைக் கைப்பற்றினர். 1619இல் இராச்சியமே வீழ்ந்தது. ஆயினும் 1544இல் இறந்தவர்கள் படைவீரரல்லர், சாதாரண குடிமக்கள். விடையில் இரண்டும் இடம்பெற வேண்டும்.

ஒப்பீட்டு வினா வந்தால் இதையும் சேர்க்குக: உரோமையில் 313இல் மிலான் சாசனம் கிறிஸ்தவர்களுக்குச் சுதந்திரம் அளித்தது. இங்கோ, 1658இல் ஒல்லாந்தர் வந்ததும் கத்தோலிக்கர் மீண்டும் மறைவாகச் செபிக்க நேர்ந்தது. இம்முறை தடுத்தவர்களும் கிறிஸ்தவர்களே.