தவலையை எடைக்குப் போடாதீங்க!

பித்தளைப் பாத்திரத்துக்கு இப்போது மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. பரணில் கிடந்ததை எல்லாம் இறக்கிப் புழங்க ஆரம்பித்திருக்கிறோம். நல்ல விஷயம் தான். ஆனால், எவர்சில்வரைத் தேய்க்கிற மாதிரியே தேய்த்து, பலர் அதைப் பாழாக்கி விடுகின்றனர். என் நாத்தனார் வீட்டில் நடந்ததைச் சொன்னால், மற்ற சகோதரிகளுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

அவள் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் பாத்திரம் துலக்க வந்த பெண், சீக்கிரம் பளிச்சிடட்டும் என்று, பாத்ரூம் கழுவுகிற ஆசிடை ஊற்றி, கம்பி நாரால் தேய்த்து விட்டாள். தவலை, குண்டான், அடுக்கு எதுவும் தப்பவில்லை. வெளிப்பக்கம் திட்டுத் திட்டாகச் செம்பு நிறம். உள்ளே ஈயப் பூச்சு உரிந்து, மஞ்சள் பித்தளை பல்லிளித்தது. அது தெரியாமல் அந்தக் குண்டானில் ரசம் வைத்து, இறக்காமலே விட்டிருக்கின்றனர். ரசம் கைத்தது, சாப்பிட்ட மூன்று பேருக்கும் ஒரே குமட்டல், வாந்தி.

'அண்ணி, இனிமே இந்தச் சனியனே வேணாம். எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டு, எவர்சில்வர் வாங்கிக்கறேன்' என்றாள். அந்தத் தவலை, என் மாமியார் பெயர் வெட்டி அவளுக்குச் சீராகக் கொடுத்தது. 'அழிஞ்சது பூச்சு தானே, பாத்திரமா அழிஞ்சது? ரெண்டு நாள் பொறு' என்று சொல்லி, எல்லாவற்றையும் அடி அண்ணாமலைக்கு எடுத்து வந்து விட்டேன்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஆசிட் பட்டால் துத்தநாகம் கரைந்து, மேலே செம்பு மட்டும் தங்கும். சிவப்புத் திட்டுக்கு அது தான் காரணம். அது மேலோட்டமாக இருந்தால் போக்கி விடலாம். நன்றாக அலசி, புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்துக் கழுவி, உடனே சலித்த விபூதியோ, செங்கல் பொடியோ போட்டு, துணியால் ஒரே பக்கமாகத் தேய்த்தேன். நாலைந்து தடவை செய்த பிறகு தான் நிறம் திரும்பியது. புளியை ஊற விடக்கூடாது. கழுவியதும் ஈரம் போகத் துடைக்க வேண்டும்.

உள்பக்கத்துக்கு ஈயம் பூசுவது தான் வழி. திருவண்ணாமலை டவுனில், பாத்திரக் கடைகளில் விசாரித்து ஆளைப் பிடித்தோம். கரி நெருப்பில் பாத்திரத்தைக் காய வைத்து, நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயத்தைத் தொட்டு, பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தார். வெள்ளி மாதிரி ஆகி விட்டது! அந்தப் புகை மூக்கில் ஏறும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

இதில் ஒரு முக்கியமான விஷயம். பூச வேண்டியது வெள்ளீயம். விலை மலிவு என்று காரீயம் கலந்து பூசினால், அது விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். வெள்ளீயக் கம்பியை வளைத்தால், 'கிறீச்' என்று சத்தம் வரும். காரீயம் சத்தமில்லாமல் வளையும். காகிதத்தில் கோடு போட்டால் கறுப்பாக விழும். கொஞ்சமாகக் கலந்திருந்தால் இதில் தெரியாது என்பதால், நம்பிக்கையான ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகி விடும். அதனால், வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்காதீர்கள். தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்யுங்கள். ஈயச் சொம்புக்கும் இதே கதை தான். கம்பி நார் வேண்டாம். தேங்காய் நார் போதும். உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தால், மறுபடி பூசும் வரை, அதில் புளி, தக்காளி, மோர் எதுவும் கூடாது.

மற்ற பாத்திரங்களுக்கும் சில யோசனைகள்:

* சோப்பு போட்டுத் துருப்பிடித்த இரும்பு தோசைக்கல்லைப் புளி வைத்துத் தேய்த்து, கழுவி, உடனே அடுப்பில் காய வையுங்கள். நல்லெண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேயுங்கள். நாலு நாள் இப்படிச் செய்தால் தோசை ஒட்டாமல் வரும்.

* சோடா உப்பால் கறுத்த அலுமினியப் பாத்திரத்தில், எலுமிச்சைத் தோலோ, புளியோ போட்டுத் தண்ணீரைக் கொதிக்க விட்டால், கறுப்பு கழன்று விடும். அந்தத் தண்ணீரைக் கொட்டி விடுங்கள்.

* பிளீச்சிங் பவுடர் பட்டுப் புள்ளி விழுந்த எவர்சில்வரும், கீறல் விழுந்த நான்-ஸ்டிக்கும் மட்டும் பழையபடி ஆகாது.

* ஆசிடையும், பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றவே கூடாது. அதிலிருந்து வரும் குளோரின் வாயு, உயிருக்கே ஆபத்து.

எங்கள் ஊர் மலை மேல், தீபக் கொப்பரை 11 நாள் எரிந்து, கரி பிடித்துத் தான் இறங்குகிறது. அதற்காக அதை எடைக்கா போடுகின்றனர்? துலக்கி, அடுத்த வருஷத்துக்கு வைத்துக் கொள்வதில்லையா? பாத்திரம் துலக்க ஆள் வைத்தால், எதை எதால் தேய்க்க வேண்டும் என்று முதல் நாளே பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள். அம்மா பெயர் வெட்டிய பாத்திரம் போனால், எந்தக் கடையிலும் கிடைக்காது!

- ஒரு வாசகி, அடி அண்ணாமலை.