சக்கரம் இறங்காத விமானம்

2024 மே 13 காலையில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள நியூகாசில் விமான நிலையத்திலிருந்து ஒரு சிறிய விமானம் போர்ட் மக்குவாரி நகருக்குக் கிளம்பியது. இரட்டை இயந்திரம் கொண்ட பீச்கிராஃப்ட் சூப்பர் கிங் ஏர் வகை விமானம் அது. உள்ளே 53 வயது விமானியும் இரண்டு பயணிகளும் இருந்தனர். போக வேண்டிய தூரம் சுமார் 180 கிலோமீட்டர்தான். கிளம்பிய சற்று நேரத்திலேயே சக்கரத்தில் கோளாறு என்று விமானி தெரிவித்தார். அதன்பின் சில மணி நேரம் அந்த விமானம் நியூகாசில் வானத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. நண்பகல் கடந்தபின் சக்கரம் இல்லாமலேயே ஓடுபாதையில் இறங்கி, வயிற்றால் வழுக்கிச் சென்று நின்றது. மூவரும் தாங்களே நடந்து வெளியே வந்தனர். யாருக்கும் காயமில்லை.

இப்படி இறங்குவதை ஆங்கிலத்தில் 'பெல்லி லேண்டிங்' என்பார்கள். தமிழ்ச் செய்திகளில் 'வயிற்றுத் தரையிறக்கம்' என்றும் எழுதுகிறார்கள். காணொளியில் பார்ப்பவர்களுக்குத் தீப்பொறி பறக்கும் கடைசி அரை நிமிடமே மனத்தில் நிற்கும். ஆனால் உயிரைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் அதற்கு முன்னால், வானத்தில் கழியும் நேரம்தான்.

சக்கரம் ஏன் சிக்குகிறது

பறக்கும்போது சக்கரம் வெளியே தொங்கினால் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். வேகம் குறையும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். ஆகவே வேகமான விமானங்களில் சக்கரங்கள் கிளம்பியதும் உள்ளே மடங்கிக்கொள்கின்றன. பயிற்சிக்குப் பயன்படும் மிகச் சிறிய விமானங்கள் பலவற்றில் சக்கரம் மடங்குவதே இல்லை. அவற்றுக்கு இந்தத் தொல்லையும் இல்லை.

மடக்கவும் விரிக்கவும் மின்மோட்டாரோ, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்போ தேவை. குழாய் கசியலாம், பம்பு நின்றுபோகலாம், ஒரு கம்பி துருப்பிடித்து முறியலாம். அதனால்தான் எல்லா விமானங்களிலும் இரண்டாவது வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். பைப்பர் ஆரோ என்ற சிறிய விமானத்தில் சக்கரத்தை மேலே பிடித்து வைத்திருப்பதே எண்ணெய் அழுத்தம்தான். நெம்புகோல் ஒன்றைத் தள்ளி அழுத்தத்தை விடுவித்தால் சக்கரம் தன் எடையாலேயே கீழே விழும். பீச்கிராஃப்ட் பொனான்சாவில் முன் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதை ஏறத்தாழ ஐம்பது சுற்று சுற்ற வேண்டும். தனியாகப் பறக்கும் விமானி ஒரு கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டு, மறு கையைப் பின்னால் விட்டு, ஐம்பது சுற்று சுற்றுவதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிறிய விமானங்கள் வயிற்றால் இறங்கும் நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சக்கரம் சிக்குவதல்ல, விமானி அதை இறக்க மறப்பது. சக்கரம் சிக்கியிருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்தால் அது ஒருவகையில் நல்ல நிலைமைதான்; ஆயத்தம் செய்ய அவகாசம் கிடைக்கிறது.

மூன்று பச்சை விளக்குகள்

சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டால் விமானி அறையில் சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று பச்சை விளக்குகள் எரியும். ஒன்று எரியவில்லையென்றால் விமானி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கெட்டுப்போனது சக்கரமா, விளக்கா என்பதுதான். பல சிறிய விமானங்களில் பக்கத்து பல்பைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டிப் பார்க்கலாம். அடுத்ததாக, கட்டுப்பாட்டுக் கோபுரத்தை ஒட்டித் தாழ்வாகப் பறந்து காட்டுவார்கள். கீழே உள்ளவர்கள் தொலைநோக்கியால் பார்த்துச் சொல்வார்கள். விமானத்தைச் சற்றுக் கீழே பாயவிட்டு வெடுக்கென்று மேலே இழுப்பதும் உண்டு. அந்த உதறலில் சிக்கிய சக்கரம் சில சமயம் விடுபடும்.

இந்த விளக்கு விஷயத்தை அற்பமாக நினைக்கக் கூடாது. 1972 டிசம்பர் 29 இரவு, நியூயார்க்கிலிருந்து மயாமி வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில் மூக்குச் சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. விமானத்தை 2,000 அடி உயரத்தில் தானியங்கி முறையில் பறக்கவிட்டு, விமானி அறையில் இருந்த அத்தனை பேரும் அந்த விளக்கிலேயே மூழ்கினார்கள். இதற்கிடையே உயரத்தைக் காக்கும் தானியங்கி அமைப்பு விடுபட்டதை யாரும் கவனிக்கவில்லை. உயரம் குறைகிறது என்ற எச்சரிக்கை ஒலியும் காதில் ஏறவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மோதி 101 பேர் இறந்தனர். சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. எரிந்துபோனது பல்பு மட்டும்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1978 டிசம்பர் 28 அன்று, போர்ட்லண்டை நெருங்கிய யுனைடெட் 173 விமானத்தில் சக்கரத்தை இறக்கியபோது பெரிய சத்தம் கேட்டது. துருப்பிடித்த கம்பி முறிந்து வலப்பக்கச் சக்கரம் தடாலென்று விழுந்ததுதான் காரணம். சக்கரம் பூட்டிக்கொண்டுவிட்டது, ஆனால் பச்சை விளக்கு எரியவில்லை. பயணிகளை ஆயத்தப்படுத்துவதிலும் காரணம் தேடுவதிலும் ஒரு மணி நேரம் சுற்றிப் பறந்தார்கள். எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் சொன்னபோதும் தலைமை விமானியின் மனத்தில் அது உறைக்கவில்லை. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்று, விமானம் நகரின் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தனர். டாங்கியில் எரிபொருள் இல்லாததால் தீப்பிடிக்கவில்லை என்பது ஒரு கொடுமையான ஆறுதல். தலைமை விமானியிடமும் துணிந்து எடுத்துச் சொல்லவும், வேலையைப் பங்கிட்டுக்கொள்ளவும் விமானிகளுக்கு இன்று தரப்படும் பயிற்சி பெரும்பாலும் இந்த விபத்துக்குப் பின்னரே வேரூன்றியது.

இந்த இரண்டு விபத்துகளிலும் சக்கரம் யாரையும் கொல்லவில்லை. சக்கரத்தைப் பற்றிய கவலைதான் கொன்றது.

ஏன் சுற்றுகிறார்கள்

அப்படியானால் நியூகாசில் விமானி ஏன் மணிக்கணக்கில் சுற்றினார்? எரிபொருளைத் தீர்ப்பதற்குத்தான். சிறிய விமானங்களில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது. ஏர்பஸ் ஏ320 போன்ற நடுத்தர விமானத்திலும் இல்லை. எடை குறைந்தால் இறங்கும் வேகம் குறையும். தீப்பிடித்தால் எரிவதற்கும் குறைவாகவே இருக்கும். ஆனால் ஒருமுறை மேலெழுந்து மீண்டும் சுற்றிவரும் அளவுக்காவது மீதம் வைக்க வேண்டும். யுனைடெட் 173இல் தவறியது இந்தக் கணக்குதான்.

2005 செப்டம்பர் 21 அன்று ஜெட்புளூ 292 விமானத்தின் மூக்குச் சக்கரம் 90 பாகை திரும்பி நின்றுவிட்டது. எரிபொருளைத் தீர்க்கச் சில மணி நேரம் சுற்றியபின் லாஸ் ஏஞ்சலஸில் இறங்கியது. இருக்கைகளில் நேரலைத் தொலைக்காட்சி இருந்ததால், பயணிகள் தங்கள் விமானத்தைப் பற்றிய செய்தியையே பார்த்துக்கொண்டு பறந்தார்கள். சக்கரம் தீப்பொறி கக்கித் தேய்ந்தது. அனைவரும் நலமாக இறங்கினர்.

2011இல் ஒரு காணொளி பரவியது. மூக்குச் சக்கரம் இறங்காத பயணிகள் விமானத்துக்கு அடியில் ஒரு பிக்கப் வண்டி விரைந்து வந்து முதுகு கொடுத்துத் தாங்கும். அது நிசான் நிறுவனத்தின் விளம்பரம், நடந்ததே இல்லை. பல டன் எடையை அப்படித் தாங்க எந்தப் பிக்கப் வண்டியாலும் முடியாது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் குட்டி விமானத்துக்குப் பக்கத்தில் கார் ஓட்டிச் சென்று ஒருவர் எட்டிச் சக்கரத்தை இழுப்பது கோட்பாட்டளவில் முடியும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் புரொப்பெல்லர் சுழன்றுகொண்டிருக்கும். வயிற்றால் இறங்கினால் இழப்பது பெரும்பாலும் தகரமும் புரொப்பெல்லரும்தான். அதற்காக இன்னொரு மனிதரின் உயிரைப் பணயம் வைப்பது சரியான பேரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இறங்கும் முறை

புல்வெளி மெத்தைபோல இருக்கும் என்று தோன்றும். உண்மையில் புல்தரையில் விமானத்தின் ஏதாவது ஒரு விளிம்பு மண்ணைக் குத்திப் புரட்டிவிடலாம். வழவழப்பான ஓடுபாதையே மேல். தீயணைப்பு வண்டிகள் ஓரத்தில் காத்திருக்கும். ஓடுபாதையில் நுரை பரப்புவது முன்பு வழக்கம்; அந்த நுரையைத் தீயணைக்கவே சேமித்து வைப்பது நல்லது என்பது இன்று பரவலான கருத்து. தரையைத் தொடுமுன் சிறிய விமானங்களில் கதவின் பூட்டைத் தளர்த்திவிடுவார்கள். உடல் நசுங்கினால் கதவு இறுகிக்கொள்ளும் என்பதால் இது முக்கியம். இயந்திரத்தைக் காற்றிலேயே நிறுத்திப் புரொப்பெல்லரைக் காப்பாற்றலாமா என்பதில் விமானிகளுக்குள் வாதம் உண்டு. பயிற்றுநர்கள் பலர் கூடாது என்பார்கள். நிறுத்திவிட்டால் மீண்டும் மேலெழும் வாய்ப்பு போய்விடும்.

பெரிய விமானத்திலும் இது கைகூடும் என்பதைப் போலந்து காட்டியது. 2011 நவம்பர் 1 அன்று நியூயார்க் அருகே நெவார்க்கிலிருந்து 231 பேருடன் வார்சா வந்த லாட் நிறுவனத்தின் போயிங் 767 விமானத்தில் கிளம்பிய சிறிது நேரத்திலேயே ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து போயிருந்தது. வார்சாவில் மாற்று வழியும் வேலை செய்யவில்லை. எஃப்-16 போர் விமானங்கள் அருகே பறந்து பார்த்தன. சக்கரம் ஒன்றுகூட வெளியே வரவில்லை. தலைமை விமானி ததேயுஷ் வ்ரோனா நுரை பரப்பிய ஓடுபாதையில் விமானத்தை நேராக வழுக்கி நிறுத்தினார். ஒருவருக்கும் காயமில்லை. போலிஷ் மொழியில் வ்ரோனா என்றால் காகம். பத்திரிகைகள் அதைச் சும்மா விடவில்லை.

பின்னர் பொறியாளர்கள் அந்த விமானத்தைத் தூக்கி நிறுத்திச் சோதித்தார்கள். துணை விமானி இருக்கைக்குப் பின்னால், தரையை ஒட்டியிருந்த பலகையில் ஒரு சர்க்யூட் பிரேக்கர் வெளியே தள்ளி நின்றது. மாற்று வழிக்கு மின்சாரம் தருவது அதுதான். அதை உள்ளே அழுத்திவிட்டு விசையைப் போட்டார்கள். சக்கரங்கள் இறங்கின.