ஓதலும் வாசித்தலும்

நபிகள் நாயகம் அவர்களுக்கு அருளப்பெற்ற முதல் வசனம் ‘இக்ரஃ’ என்னுஞ் சொல்லோடு தொடங்குகின்றது. ஓதுக என்றும் வாசிக்குக என்றும் அச்சொல்லுக்குப் பொருள் கொள்வர். தமிழ் பேசும் ஈழத்து முஸ்லிம்களோ இவ்விரு செயல்களையும் இரு சொற்களாற் பிரித்தே வழங்குகின்றனர். குர்ஆனை ஓதுவர், தமிழ் நூலை வாசிப்பர். சொல் இரண்டானதோடு கற்கும் இடமும் இரண்டாயிற்று. ஓதல் லெப்பையிடம், வாசித்தல் பாடசாலை ஆசிரியரிடம். இவ்விரண்டுக்கும் முந்திய இடமொன்று உண்டு. அது வீடு. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு எழுத்தறிவிக்கப் புகுந்த தாய் எங்கிருந்து தொடங்கல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

நம் அரிச்சுவடிகள் பெரும்பாலும் அகரத்துக்கு ‘அம்மா’ என்று தொடங்குவன. முஸ்லிம் குழந்தை அச்சொல்லை அறியாததன்று. ஆயினும் அது தன் தாயை அழைக்குஞ் சொல் ‘உம்மா’ என்பதாம். எழுத்து என்பது ஒலிக்கு இட்ட வடிவம். நாவிற் பழகிய ஒலிக்கு வடிவங் காட்டுதல் எளிது. பழகாத சொல்லையும் பழகாத வடிவத்தையும் ஒருங்கே சுமத்துதல் இளம் உள்ளத்துக்கு இரட்டைப் பாரமாகும்.

சமயமும் குடும்பமும் தந்த சொற்களைக்கொண்டு முதற்பாடம் அமைத்தல் புதுமையுமன்று. 19 ஆம் நூற்றாண்டிலே சைவப் பிள்ளைகளின் பொருட்டு ஆறுமுக நாவலர் பாலபாட நூல்களை ஆக்கினார். 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை, முஸ்லிம் பிள்ளைகள் மார்க்கக் கல்வியோடு பிற கல்வியும் பெறல் வேண்டுமென்று வாழ்நாள் முழுவதும் உழைத்தார்.

இனி, ‘உம்மா’, ‘வாப்பா’ என்னும் இரு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். இவற்றிலே உ, ம், மா, வா, ப், பா என ஆறு வடிவங்களே உள்ளன. ஒவ்வொன்றின் ஒலியையும் தாய் வாய்விட்டுச் சொல்ல, குழந்தை செவியால் உணர்ந்து கண்ணால் அடையாளங் காணட்டும். பின்னர் அவற்றைக் கூட்டிப் பார்த்தால் ‘உம்மா வா’, ‘வாப்பா வா’, ‘மாமா வா’, ‘பாப்பா வா’ எனப் பொருள் நிறைந்த வாக்கியங்கள் உடனே பிறக்கின்றன. 247 எழுத்துக்களையும் நெட்டுருச் செய்து முடித்த பின்னரே வாசிப்பு வரும் என்னும் எண்ணம் இங்கு பொய்த்துப் போகின்றது. அடுத்து, ப, ள், ளி என்னும் மூன்றைச் சேர்த்தாற் ‘பள்ளி’ வரும். நோன்பு, பெருநாள், கஞ்சி, கிதாபு என்று வீட்டில் வழங்குஞ் சொற்கள் ஒவ்வொன்றாய்ப் பின்தொடரும்.

இவ்வாறு ஒலிகூட்டி வாசிக்கப் பழகிய குழந்தைக்கு அரபு எழுத்தின் அமைப்பும் விளங்கும். அரபியில் உயிர்க்குறிகளை ‘ஹரகத்’ என்பர். அசைவு என்பது அதன் பொருள். உயிரில்லா மெய்க்கு இடுங் குறி ‘ஸுகூன்’, அதாவது அமைதி. மெய்யை இயங்கச் செய்வது உயிர் என்பது தொல்காப்பியர் கொள்கையுமாகும். நாம் மெய்யின் தலையில் இடும் புள்ளியும் ஸுகூனும் ஒரே தொழிலைச் செய்கின்றன. ‘உம்மா’ என்பதில் மகரம் இரட்டித்தலைத் தமிழ் இரண்டு எழுத்துக்களாற் காட்டும். அரபு ஓரெழுத்தின்மேல் ‘ஷத்து’ என்னும் குறியிட்டுக் காட்டும். தாயைக் குறிக்கும் அரபுச் சொல்லாகிய ‘உம்மு’ அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. ஓரிடத்திற் கற்ற முறை மற்றோரிடத்தில் உதவுதலைக் குழந்தை தானே கண்டு மகிழும்.

நம் முன்னோர் இவ்வுறவை நன்கு உணர்ந்திருந்தனர். அரபு எழுத்திலே தமிழை எழுதிய அரபுத் தமிழ் அதற்குச் சான்று. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய வடிவங்கள் அமைத்தனர். தமிழ் எழுத்தை அறியாத பெண்களும், குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக்கொண்டே தம் தாய்மொழியில் மார்க்க நூல்களைப் பொருளுணர்ந்து வாசித்தனர். ஓதலுக்கும் வாசித்தலுக்கும் இடையே அது ஒரு பாலமாய் நின்றது. அவ்வெழுத்து வழக்கு அருகியபின், ஓதுங் குழந்தைக்குத் தமிழ் வாசிப்பை வேறாகவே கற்பிக்க வேண்டியதாயிற்று.

ஓதல் கற்பிக்கும் முறையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. எழுத்தின் பெயரையும் குறியின் பெயரையும் தனித்தனியே சொல்லி, ஈற்றில் ஒலியைச் சொல்லுவது பழைய முறை. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் வாழ்ந்த அஸ்அத் ஹுமாம் (1933–1996) என்னும் ஆசிரியர் இச்சுற்றுவழியை நீக்கி, வடிவத்தைக் கண்டவுடன் ஒலியையே சொல்லும் முறையில் ஆறு சிறு நூல்களை அமைத்தார். அவற்றுக்கு ‘இக்ரஃ’ என்றே பெயர். இந்தோனேசியாவில் மாத்திரமன்றி மலேசியாவிலும் அவை பரவின. எழுத்தின் பெயரை மறந்த குழந்தையும் ஒலியை மறவாது வாசிக்கும் என்பதே இம்முறையின் உட்கருத்து.

ஆயினும் இரு மொழிகளின் ஒலிகளையும் ஒன்றாக்கிவிடுதல் ஆகாது. அரபியில் ஸே, ஸீன், ஸாத் என மூன்று வேறு ஒலிகள் உள. தமிழில் எழுதும்போது மூன்றும் ‘ஸ’ ஆகிவிடுகின்றன. ஆதலாற் குர்ஆனைத் தமிழ் எழுத்திற் பெயர்த்து ஓதக் கற்பித்தல் பிழைக்கு வழியாகும்; அதனை வல்லார் வாய்க்கேட்டே பயிலல் வேண்டும். அவ்வாறே பகரத்தை ‘பே’ என்னும் அரபு எழுத்தாக மயங்குதலும் கூடாது. பாப்பா என்பதன் முதலில் வரும் ஒலி அரபியில் இல்லை. மேலும், ஓரெழுத்து வலத்திருந்து இடஞ்செல்வது. மற்றையது இடத்திருந்து வலஞ்செல்வது. இரண்டுக்கும் வெவ்வேறு வேளையும் வெவ்வேறு பலகையும் வைத்துக்கொண்டால் மயக்கம் குறையும். ஒரு வேளைப் பாடம் சில நிமிடங்களுக்கு மேல் நீளவேண்டியதில்லை.

இன்று நாம் அஞ்சவேண்டியது ஒன்றுண்டு. குர்ஆனை இனிமையாக ஓதி முடித்த சிறுவனொருவன் தாய்மொழியில் ஒரு பத்தியை வாசித்துப் பொருள் கூற இயலாது நிற்பானாயின், அது அவன் குற்றமன்று. ஒலி வேறு, பொருள் வேறு என்று அவனை நாம் பழக்கிவிட்டோம். முதற் சொல்லிலேயே இரண்டும் ஒன்றென உணர்ந்த பிள்ளையோ, பின்னொரு நாள் தான் ஓதும் மறையின் பொருளையுந் தேடும்.

ஆதலின் தாய்மாரும் முதலாம் வகுப்பு ஆசிரியர்களும் ஒருவரையொருவர் அறிந்து கருமமாற்றல் வேண்டும். முஸ்லிம் பிள்ளை படிக்கும் வகுப்பில் ‘அம்மா’வுக்கு அருகே ‘உம்மா’வும் எழுதப்படட்டும். அதனாற் பிற பிள்ளைகளுக்கு நட்டமில்லை. தம் தோழன் வீட்டுச் சொல்லொன்றை அவர்களும் வாசிக்கக் கற்பர்.